சளியில் காசநோய் இல்லை, மண்ணீரலில் சீழ்க்கட்டிகள், ரிப்போட்டில் 'சூடோமோனாஸ் இனம்': அடுத்து என்ன செய்வது?

படுவான்கரை எம்.ஓ. (வைத்திய அதிகாரி, கேள்வி)

சிறிய ஆஸ்பத்திரி ஒன்றின் வாட்டில் இருக்கும் நோயாளி பற்றிய கேள்வி. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஆண், வயது 53, எடை 54 கிலோ. பெரும்போகத்தில் சேற்றுக்குள் இறங்கி வேலை செய்பவர். பல வருடமாகச் சீனி வருத்தம், மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனி) 11.4. மார்கழி வெள்ளம் வடிந்த கையோடு காய்ச்சல் தொடங்கி இப்போது ஐந்து கிழமை. பின்னேரம் ஏறுகிறது, இரவில் வியர்த்து ஊற்றுகிறது, 6 கிலோ இறங்கிவிட்டார்.

முதல் கிழமை எலிக்காய்ச்சல் என்று நினைத்து டொக்சிசைக்கிளின் 7 நாள் கொடுக்கப்பட்டது. பிறகு தொடையில் ஒரு சீழ்க்கட்டி. அதை வெளியே கீறி எடுத்து, ஒக்மென்டின் குளிசை ஒரு கிழமைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கிழமை காய்ச்சல் தணிந்தது. குளிசை முடிந்து நாலாம் நாள் மறுபடியும் ஏறியது. எக்ஸ்ரேயில் இடது மேல் நுரையீரலில் நிழல். சளி மூன்று தடவை பார்த்தும் காசநோய்க் கிருமி இல்லை, ஜீன்எக்ஸ்பேர்ட்டிலும் (காசநோய் மரபணுப் பரிசோதனை) இல்லை. வெள்ளணு 14,800, நியூட்ரோபில் 86%, சி.ஆர்.பி. (அழற்சி அளவு) 188, கிரியட்டினின் (சிறுநீரக அளவு) 1.6. ஸ்கேனில் மண்ணீரல் முழுக்கச் சிறு சிறு சீழ்க்கட்டிகள், பெரியது 1.5 செ.மீ.; ஈரலில் இரண்டு.

தொடைக்கட்டியின் சீழ் கல்ச்சர் ரிப்போட்: 'சூடோமோனாஸ் இனம்'. ஜென்டாமைசின் எதிர்ப்பு, சிப்ரோ இடைநிலை, செஃப்டாசிடிம் கேட்கும், மெரோபெனம் கேட்கும், ஒக்மென்டின் கேட்கும். இரத்தக் கல்ச்சரில் ஒரு போத்தலில் 'கிராம் நெகடிவ் பசிலை, வெளி மாசாக இருக்கலாம்' என்று வந்தது, அதற்கு மேல் யாரும் பார்க்கவில்லை.

செஃப்ட்ரியாக்சோன் மூன்று நாளாகப் போகிறது, காய்ச்சல் அசையவில்லை. 'சளியில் தெரியாத காசநோய்' என்று எடுத்து மருந்தைத் தொடங்குவோமா என்ற பேச்சு அடிபடுகிறது. இந்த ரிப்போட்டை நம்பலாமா? இன்னும் என்னென்ன மாதிரி எடுத்து அனுப்ப வேண்டும்? முடிவு வரும்வரை எதைக் கொடுப்பது?

---

பொது மருத்துவம், மட்டக்களப்பு

தம்பி, காசநோய் மருந்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். நீங்கள் எழுதிய ரிப்போட்டிலேயே விடை கிடக்கிறது. கிருமியின் பெயரை விட்டுவிட்டு, கீழே இருக்கும் மருந்து வரிகளை மட்டும் வாசியுங்கள்: ஜென்டாமைசின் கேட்காது, ஒக்மென்டின் கேட்கும். சூடோமோனாஸ் ஏருஜினோசாவுக்கு ஒக்மென்டின் இயல்பிலேயே வேலை செய்யாது. ஜென்டாமைசினுக்கு அது பெரும்பாலும் மடங்கும். இங்கே இரண்டும் தலைகீழாக இருக்கிறது. ஆகவே அது வேறு கிருமி. ஒக்சிடேஸ் நொதிப் பரிசோதனை பொசிட்டிவாகவும் இருந்து, கொலிஸ்டின் வட்டும் (மருந்து தோய்த்த சிறு காகித வட்டு) போட்டு அதற்கும் எதிர்ப்பு என்று வந்தால், மெலியோய்டோசிஸை உண்டாக்கும் பேர்க்ஹோல்டேரியா சூடோமலெய் என்றே வைத்து நடக்க வேண்டும்.

ஆளையும் பாருங்கள். கட்டுப்படாத சீனி, சேறு, மழைக்காலம் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. இந்தக் கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. காலில் உள்ள வெடிப்பு வழியாகவோ, கடும் மழையும் காற்றுமாக இருக்கும் நாட்களில் மூச்சோடோ, சுத்திகரிக்காத கிணற்று நீரோடோ உள்ளே போகிறது. உள்ளே போன பிறகு நோய் தெரிய ஒரு நாளிலிருந்து 21 நாள் வரை ஆகலாம். சிலருக்குத் தூங்கிக் கிடந்து பல காலம் கழித்தும் எழும். ஆபத்துக் காரணங்களில் சீனி வருத்தம்தான் முதலாவது. சிறுநீரக நோய், தலசீமியா, கடும் குடி, நெடுநாள் ஸ்டெரொய்ட் அதற்குப் பின்னால் வரும்.

'கொஞ்சம் சுகமானார், பிறகு திரும்பியது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் மிகப் பெரிய தடயமாக எடுப்பேன். ஒக்மென்டினும் டொக்சிசைக்கிளினும் இந்தக் கிருமியை அடக்கும், ஆனால் ஒரு கிழமையில் அழிக்காது. வெளியே இருக்கும் கட்டி ஆறிவிடும், காய்ச்சல் இறங்கிவிடும், உள்ளே மண்ணீரலில் கிருமி அப்படியே இருக்கும். நோயாளி வேறு ஆஸ்பத்திரிக்குப் போவார், அங்கே புதுக்காய்ச்சல் என்று பதிவார்கள், சங்கிலி அறுந்துவிடும். ஆகவே பழைய டயக்னோசிஸ் கார்ட், மருந்துச் சிட்டை, வெளியே கீறிய இடத்து ரிப்போட் எல்லாவற்றையும் வீட்டாரிடம் கேட்டு வாங்கி ஒரே தாளில் திகதி வாரியாக எழுதிப் பாருங்கள். விளங்காத காய்ச்சலில் இதைவிடப் பயனுள்ள 'டெஸ்ட்' எனக்குத் தெரியாது.

வேறு எதுவாக இருக்கலாம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். அமீபாச் சீழ்க்கட்டி பெரும்பாலும் ஈரலின் வலப்பக்கத்தில் ஒன்றாக வரும். மண்ணீரலை இப்படிப் புள்ளி புள்ளியாக அரிக்காது. கிளெப்சியெல்லா சீனிக்காரரின் ஈரலில் கட்டி வைக்கும், ஆனால் கல்ச்சரில் இந்த முகத்தோடு வராது. இதய வால்வில் தொற்று இருந்தால் மண்ணீரலுக்குக் கிருமி தெறிக்கும், ஆகவே ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) கட்டாயம். எலிக்காய்ச்சல் ஐந்து கிழமைக்கு இழுபட்டுச் சீழ் வைப்பதில்லை. மண்ணீரலில் காசநோயும் வரும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நியூட்ரோபில் 86 விழுக்காடு, தொடையில் சீழ், அந்தச் சீழில் ஒரு கிருமியும் வளர்ந்திருக்கிறது என்னும்போது, வளர்ந்த கிருமியை ஒதுக்கிவிட்டு வளராத கிருமிக்கு மருந்து கொடுப்பதில் நியாயமில்லை. மேல் நுரையீரல் நிழல், இரவு வியர்வை, மெலிவு மூன்றும் மெலியோய்டோசிஸிலும் அச்சொட்டாக வரும். மலேரியாவைப் பொறுத்தவரை, இலங்கை 2016 இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. வெளிநாடு போய் வந்தவரா என்று மட்டும் கேட்டுவிட்டு நகருங்கள்.

செஃப்ட்ரியாக்சோனை இன்றே நிறுத்துங்கள். வட்டுப் பரிசோதனையில் சில வேளை கேட்கும் என்று காட்டினாலும், தாய்லாந்து அனுபவத்தில் செஃப்டாசிடிம் பெற்றவர்களைவிட செஃப்ட்ரியாக்சோன், செஃபொடாக்சிம் பெற்றவர்களில் இறப்பு அதிகம். மாதிரிகளை எடுத்த கையோடு செஃப்டாசிடிம் 2 கிராம் நரம்பில், 6 மணிக்கு ஒரு தடவை. இரத்த அழுத்தம் விழுந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, ஐ.சி.யூ. தேவைப்பட்டாலோ மெரோபெனம் 1 கிராம் 8 மணிக்கு ஒரு தடவை. மூளையில் தொற்று என்றால் 2 கிராம். கல்ச்சர் உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டாம். இரத்தத்தில் கிருமி இருப்பவர் ஓரிரு நாளில் சரிந்துவிடக் கூடும். உங்களிடம் மருந்து கையிருப்பு இல்லையென்றால் போதனா வைத்தியசாலைக்கோ அம்பாறைக்கோ பேசி இன்றே மாற்றுங்கள். அனுப்பும் கடிதத்தில் 'காய்ச்சல், காரணம் தெரியவில்லை' என்று எழுதாமல் 'மெலியோய்டோசிஸ் சந்தேகம்' என்றே எழுதுங்கள்.

---

ஆய்வுகூடம்_மட்டு (எம்.எல்.ரி., ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்)

டொக்டர், முதல் வேலையாக அந்தச் சீழ் வளர்த்த லாப்புக்கு இப்போதே போன் எடுத்து, தட்டு இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் 48 மணித்தியாலத்தில் ரிப்போட் எழுதித் தட்டை ஒட்டோகிளேவுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தக் கிருமியின் முகம் 48 மணித்தியாலத்துக்குப் பிறகுதான் தெரியும்! முதல் நாள் இரத்த அகாரில் (கிருமி வளர்க்கும் தட்டு) ஊசிமுனை அளவுப் பொட்டுகள். இரண்டாம் நாள் வழவழப்பான வெண்மைக் கொலனி, யாரும் வெளி மாசு என்றுதான் நினைப்பார்கள். மூன்றாம் நாலாம் நாள்தான் உலர்ந்து சுருக்கம் விழும். மக்கொங்கி அகாரில் முதலில் நிறமில்லாமல் இருந்து பிறகு இளஞ்சிவப்பு ஏறும். கிராம் சாயத்தில் இரண்டு முனையும் கடுமையாகவும் நடு வெளிறியும் தெரியும், ஆனால் அதை மட்டும் நம்பி எதுவும் சொல்ல முடியாது.

தட்டு இருந்தால் தனிக்கொலனியை எடுத்து ஒக்சிடேஸ் பாருங்கள் என்று சொல்லுங்கள். பொசிட்டிவ் வர வேண்டும். பிறகு முல்லர்-ஹின்டன் அகாரில் மூன்று வட்டு: ஜென்டாமைசின் 10 மைக்ரோகிராம், கொலிஸ்டின் 10, கோ-அமொக்சிகிளாவ் (ஒக்மென்டின்) 30. முதல் இரண்டைச் சுற்றியும் கிருமி ஒட்டி வளர்ந்து, மூன்றாவதைச் சுற்றி வெளி விட்டிருந்தால், வி.பி.க்கும் (வாட்டின் பொது மருத்துவ நிபுணர்) நுண்ணுயிரியல் நிபுணருக்கும் அன்றே போனில் சொல்ல வேண்டிய முடிவு அது. ரிப்போட் அச்சாகி வரட்டும் என்று வைத்திருக்கக் கூடாது. சூடோமோனாஸ் என்று நினைத்தவுடன் பல லாப்கள் ஒக்மென்டின் வட்டே போடுவதில்லை. உங்கள் ரிப்போட்டில் அது இருந்தது இந்த நோயாளியின் நல்ல காலம். ஜென்டாமைசினுக்குக் கேட்கும் வகைகள் மலேசியாவின் சரவாக்கில் பதிவாகியிருக்கின்றன, ஆகவே ஜென்டாமைசின் கேட்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்துக் கழித்துவிடவும் வேண்டாம்.

கிருமியை இனங்காணும் கிட்டிலோ இயந்திரத்திலோ போட்டால் முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஏ.பி.ஐ. 20என்.ஈ. சில வேளை குரோமோபக்டீரியம் என்று சொல்லும். வைட்டெக் பேர்க்ஹோல்டேரியா செபேசியா என்று சொல்லும். செபேசியா என்று வந்தால் வட்டைத் திரும்பிப் பாருங்கள்: அதுவும் ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் மசியாது, ஆனால் பெரும்பாலும் ஒக்மென்டினுக்கும் மசியாது. வித்தியாசம் அந்த மூன்றாவது வட்டில்தான்.

மாதிரிகள். கட்டி தொடையில் இருந்தாலும் உடம்பின் எல்லா இடத்திலிருந்தும் எடுங்கள். இந்தக் கிருமி மனித உடம்பில் இயல்பாகக் குடியிருப்பதே இல்லை. தொண்டையிலோ சலத்திலோ ஒரே ஒரு கொலனி வந்தாலும் அது நோய்தான், 'கொலனைசேஷன்' என்று எழுதித் தள்ள முடியாது. இரத்தக் கல்ச்சர் இரண்டு செட், வெவ்வேறு கையிலிருந்து, ஒவ்வொரு போத்தலுக்கும் 8 முதல் 10 மி.லீ. பலர் 3 மி.லீ. விடுகிறார்கள், அதனால்தான் வளர்வதில்லை. சீழ் இருந்தால் சிரிஞ்சால் இழுத்து மலட்டுப் போத்தலில் 2, 3 மி.லீ.; பஞ்சுக்குச்சியில் தொட்டு அனுப்ப வேண்டாம். சளி, நடுத்தாரைச் சலம், தொண்டைக்குச்சி, மலவாய்க்குச்சி. இரத்தப் போத்தலை ஒருபோதும் பிரிட்ஜில் வைக்கக் கூடாது. சளியும் சலமும் இரண்டு மணித்தியாலத்துக்குள் லாப்புக்குப் போகாதென்றால் பிரிட்ஜில் வையுங்கள். சீழை வெயில் படாமல் அறை வெப்பத்திலேயே அனுப்புங்கள். பஸ்ஸில் டாஷ்போர்ட் மேல் வைத்துக் கொண்டுவந்த சீழில் எதை எதிர்பார்ப்பது?

தொண்டை, மலவாய், சளி போன்ற கலப்பு மாதிரிக்கு ஆஷ்டவுன் அகார் வேண்டும். சாதாரணத் தட்டில் மற்றக் கிருமிகள் இதை மூடிவிடும். லீட்டருக்குக் கிளிசரோல் 40 மி.லீ., கிரிஸ்டல் வயலட் 5 மி.கி., நியூட்ரல் ரெட் 50 மி.கி., ஜென்டாமைசின் 4 மி.கி. சேர்த்துச் செய்வது. ஊதா நிறத்தில் தட்டையாக, உலர்ந்து சுருங்கிய கொலனி வரும். தட்டை 7 நாள் வைத்துப் பார்க்க வேண்டும். ஆஷ்டவுன் கிடைக்காவிட்டால் செபேசியாவுக்கான தெரிவு அகாரிலும் வளரும்.

கையாளும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று: தட்டை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்க்கும் பழக்கம் இந்த விஷயத்தில் ஆபத்து. மூடியை டேப் போட்டு ஒட்டுங்கள், திறப்பதெல்லாம் சேஃப்டி கபினெட்டுக்குள். உறுதிப்படுத்த அனுப்பும்போது சரிவு அகாரில், திருகு மூடியோடு, மூன்றடுக்குப் பொதியில். கொழும்பு மருத்துவ பீடத்தின் நுண்ணுயிரியல் துறையில் பி.சி.ஆர். செய்து உறுதிப்படுத்துகிறார்கள்; உங்கள் நுண்ணுயிரியல் நிபுணர் மூலமாகப் பேசிவிட்டு அனுப்புங்கள். மாதிரிப் படிவத்தில் 'மெலியோய்டோசிஸ் சந்தேகம், விவசாயி, சீனி' என்று நாலு சொல் எழுதினால், எங்கள் பக்கத்தில் தேடும் விதமே மாறும். எழுதாவிட்டால் எங்களுக்கு அது இன்னொரு சீழ் மட்டும்தான்.

---

படுவான்கரை எம்.ஓ.

மிக்க நன்றி சேர், மிஸ். தட்டு இருந்தது. ஒக்சிடேஸ் பொசிட்டிவ், கொலிஸ்டினைச் சுற்றி வெளியே இல்லை. இரத்தக் கல்ச்சரில் மாசு என்று எழுதியதையும் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். செஃப்டாசிடிம் முதல் ஊசி போட்டாயிற்று, மாற்றுவதற்கும் பேசிவிட்டேன்.

இன்னும் இரண்டு கேள்வி. இரத்தத்தில் அன்டிபொடி பார்த்தால் சீக்கிரம் முடிவு தெரியுமா? மற்றது, நோயாளிக்கு இரண்டு நாளாகச் சலம் போகச் சிரமம், எரிவு. சீனி கூடினதால் வந்த சாதாரணச் சலத்தொற்று என்று விட்டுவிடலாமா?

---

அம்பாறை வி.பி.

விட்டுவிட வேண்டாம். இந்த நோயில் ஆணுக்குச் சலம் தடைப்பட்டால் புரஸ்டேட்டில் சீழ் இருக்கிறதென்றே முதலில் நினைக்க வேண்டும். வடக்கு அவுஸ்திரேலியாவின் பதிவுகளில் ஆண் நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது இருந்தது. முறைப்பாடே இல்லாதவர்களிலும் கண்டிருக்கிறார்கள், அதனால்தான் மெலியோய்டோசிஸ் உள்ள எல்லா ஆண்களுக்கும் வயிறும் இடுப்பும் சேர்த்து சி.ரி. எடுக்கச் சொல்வது. வயிற்றின் மேலால் செய்யும் சாதாரண ஸ்கேனில் புரஸ்டேட் கட்டி தவறிப்போகலாம். மண்ணீரல், ஈரல் சிறு கட்டிகளை ஊசி போட்டு இழுக்கத் தேவையில்லை, மருந்துக்குக் கரையும். புரஸ்டேட் கட்டி பெரிதாக இருந்தால் வடித்துத்தான் ஆக வேண்டும். வடிக்காமல் விட்டால் எத்தனை கிழமை ஊசி போட்டும் காய்ச்சல் போகாது, மருந்து வேலை செய்யவில்லை என்று மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். புரஸ்டேட், எலும்பு, மூட்டு, மூளை, தோல் இவற்றில் இருந்தால் செஃப்டாசிடிமோடு கோ-ட்ரைமொக்சசோலையும் ஆரம்பத்திலேயே சேர்க்க வேண்டும்.

அன்டிபொடி விஷயத்தில் எச்சரிக்கை. மறைமுக ஹீமாக்ளூட்டினேஷன் பரிசோதனை இருக்கிறது. அளவு மிக உயர்ந்திருந்தால், ஆளும் பொருந்தினால், மருந்தைத் தொடங்க அது போதும். ஆனால் வயலில் காலத்தைக் கழித்தவருக்கு நோய் இல்லாமலே அன்டிபொடி இருக்கலாம். முதல் நாட்களில் நோய் இருந்தும் இல்லாமலிருக்கலாம். குறைந்த அளவு வந்தது என்று நோயைக் கழித்துவிட்டால் ஆளை இழப்போம். முடிவு சொல்வது கல்ச்சர்தான். கல்ச்சரும் முழுமையானதல்ல, நோய் உள்ளவரில் ஏறக்குறைய 60 விழுக்காட்டில்தான் முதல் தடவை பிடிபடும். ஆகவே ஒரு தடவை வளரவில்லை என்றால் திரும்ப எடுங்கள், மருந்து தொடங்கிய பிறகும் எடுங்கள்.

ஊசி தொடங்கி நாலு நாளாகியும் காய்ச்சல் இருக்கிறதே என்று கலவரப்பட வேண்டாம். சரியான மருந்திலும் காய்ச்சல் தணிய நடுவாக 9 நாள் ஆகும், பெரிய கட்டி இருந்தால் இன்னும் கூட. கிழமைக்கொரு இரத்தக் கல்ச்சர் எடுத்துக்கொண்டே போங்கள், அது சுத்தமாகும்வரை. ஒரு கிழமை கழித்தும் இரத்தத்தில் வளர்ந்தால் அப்போது கவலைப்படுங்கள்: எங்கோ வடிக்காத சீழ் இருக்கிறது, அல்லது கிருமி எதிர்ப்புப் பெற்றுவிட்டது. ஊசிக் காலம் குறைந்தது 14 நாள். உள்ளே ஆழமான கட்டி இருந்தால் 4 கிழமை, அதுவும் கடைசியாக வடித்த நாளிலிருந்து எண்ண வேண்டும். எலும்புக்கு 6, மூளைக்கு 8. கட்டில் தட்டுப்பாடு என்று பத்தாம் நாள் வீட்டுக்கு விட்டால், திரும்பி வருவார் அல்லது வராமலே போவார்.

இது புதிதாக வந்த நோய் என்று சிலர் சொல்கிறார்கள். 1911 இல் ரங்கூனில் விட்மோரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசுவாமியும் கண்டெடுத்த நோய். இலங்கையில் முதல் நோயாளி பற்றி எழுதப்பட்டது 1927 இல். இடையில் பல பத்தாண்டு நாங்கள் தேடவில்லை. லாப்கள் தேடத் தொடங்கியதும் கிழக்கிலிருந்தும் வரத் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் காசநோய் மருந்தெடுத்தும் தேறாத சீனிக்காரர், சளியில் கிருமி காணாதவர், எத்தனை பேர் இந்த நோயோடு போயிருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

---

வெள்ளாமைக்காரன்

டொக்டர்மாரே, நான் படிச்ச ஆள் இல்ல, வயல்காரன். இத வாசிச்சுப் பயமா இருக்கு. இது வீட்டில இருக்கிற பொண்சாதி புள்ளைகளுக்கும் தொத்துமா? மறுகா வயலுக்கு இறங்காம நாங்க என்ன செய்யிற?

---

பி.எச்.ஐ. கிழக்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்)

அண்ணன், பயப்பட வேண்டாம். ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுவது மிக மிக அரிது. ஒரே பாயில் படுக்கலாம், ஒன்றாகச் சாப்பிடலாம். வீட்டாருக்கு டெஸ்ட் தேவையில்லை. சீனி இருந்தால் அதைக் கட்டுப்படுத்துவதுதான் முதல் பாதுகாப்பு. காலில் புண், வெடிப்பு இருந்தால் ஆறும்வரை சேற்றுக்குள் இறங்க வேண்டாம். தவிர்க்க முடியாதென்றால் நீர் புகாதபடி கட்டி, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் போடுங்கள். வரம்பு கட்டும்போது, மண்வெட்டி வேலை செய்யும்போது கையுறை. கரையேறியதும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வெள்ளம் ஏறி இறங்கிய கிணற்று நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். நாலைந்து நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால், ஆஸ்பத்திரியில் 'எனக்குச் சீனி, நான் வயல்காரன்' என்ற இரண்டையும் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

---

மருந்தகம், கல்முனை

படுவான்கரை டொக்டருக்கு மருந்தளவு பற்றிச் சில விஷயம். வயது 53, எடை 54, கிரியட்டினின் 1.6 என்று கணக்குப் போட்டால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 41 மி.லீ. வருகிறது. வழமையான அட்டவணைப்படி செஃப்டாசிடிமைப் பாதிக்கும் கீழே குறைக்கச் சொல்லும். ஆனால் இப்படி நோய் முற்றி வருபவரின் கிரியட்டினின் உயர்வு பெரும்பாலும் நீரிழப்பாலும் தொற்றாலும் வந்தது. சேலைன் ஏற்றினால் இரண்டு நாளில் இறங்கிவிடும். முதல் 48 மணித்தியாலம் முழு அளவே போகட்டும், பிறகு புதுக் கிரியட்டினினைப் பார்த்து வி.பி.யோடு பேசிக் குறையுங்கள். மெரோபெனம் என்றால் 26 முதல் 50 வரையான வேகத்துக்கு 1 கிராம், 12 மணிக்கு ஒரு தடவை.

ஊசி முடிந்ததும் கோ-ட்ரைமொக்சசோல் குளிசை குறைந்தது 3 மாதம். எலும்பு, மூளை என்றால் 6 மாதம். 480 மி.கி. குளிசையில், 60 கிலோவுக்கு மேல் காலை 4, இரவு 4. 40 முதல் 60 கிலோவரை காலை 3, இரவு 3. உங்கள் நோயாளிக்கு 3. சாதாரணச் சலத்தொற்றுக்கு 2 கொடுத்துப் பழகிய கை அதையே எழுதிவிடும், மருந்தகத்திலும் 'இவ்வளவா?' என்று குறைத்துக் கொடுக்கக் கூடும். ஆகவே துண்டில் நோயின் பெயரையும் எழுதுங்கள். கூடவே ஃபோலிக் அசிட் 5 மி.கி. தினமும்.

சீனிக்காரருக்கு இந்த மருந்தில் மூன்று பொறி இருக்கிறது. கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் எடுப்பவருக்குச் சீனி திடீரென்று இறங்கிவிடும். முதல் கிழமையே அளவைக் குறைத்து வீட்டில் சீனி பாருங்கள், அல்லது இன்சுலினுக்கு மாற்றுங்கள். எனலப்ரில், லொசார்ட்டன் எடுப்பவருக்குப் பொட்டாசியம் ஏறும். சிறுநீரகம் பழுதானவருக்கு அது இதயத்தை நிறுத்தும். முதல் மூன்று கிழமைக்குக் கிழமைக்கொரு தடவை பொட்டாசியம், கிரியட்டினின், எப்.பி.சி. (முழு இரத்த அணுக் கணக்கு) மூன்றும் பாருங்கள். கிரியட்டினின் சற்று ஏறுவது பெரும்பாலும் ட்ரைமெத்தோப்ரிம் அதன் வெளியேற்றத்தைத் தடுப்பதால்தான், சிறுநீரகம் கெட்டதால் அல்ல. ஆனால் பொட்டாசியமும் சேர்ந்து ஏறினால் நிறுத்திப் பேசுங்கள். வாயில் புண், உடம்பில் தடிப்பு வந்தால் அன்றே நிறுத்திவிட்டு வரச் சொல்லுங்கள். தொடங்குமுன் ஜி6பிடி (செவ்வணு நொதி) பார்ப்பது நல்லது.

இந்த நோய் திரும்புவதற்கு முக்கிய காரணம் குளிசையை இடையில் விடுவது. காய்ச்சல் போய், எடை ஏறி, ஆள் மறுபடி வயலுக்கு இறங்கியதும் 'சுகமாயிற்றே' என்று விடுவார். ஒரு மாதக் குளிசையை ஒரேயடியாகக் கையில் கொடுக்காமல் இரண்டு கிழமைக்கொரு தடவை கிளினிக்குக்கு வரவைத்து, மிச்சக் குளிசையை எண்ணுங்கள்.

---

படுவான்கரை எம்.ஓ.

நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியாயிற்று. சி.ரி.யில் புரஸ்டேட்டில் 3 செ.மீ. கட்டி, நாளைக்கு வடிக்கிறார்கள். இரத்தக் கல்ச்சரில் 'மாசு' என்று எழுதிய கிருமியும் அதே மூன்று வட்டு முடிவைத் தருகிறது, கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்கு விடும்போது டயக்னோசிஸ் கார்டில் எப்படி எழுதச் சொல்ல வேண்டும்?

---

பொது மருத்துவம், மட்டக்களப்பு

நல்லது தம்பி. கார்டில் 'மெலியோய்டோசிஸ்' என்று பெரிய எழுத்தில், எந்தெந்த மாதிரியில் வளர்ந்தது, புரஸ்டேட் வடித்த திகதி, ஊசி தொடங்கிய, முடிந்த திகதி, குளிசை எத்தனை, எந்தத் திகதிவரை என்று எழுதச் சொல்லுங்கள். கீழே தமிழில் ஒரு வரி: 'காய்ச்சல் திரும்பினால் வேறு மருந்து தொடங்குமுன் இரத்தக் கல்ச்சர் எடுக்கவும், ஜென்டாமைசின், செஃப்ட்ரியாக்சோன் இதற்கு உதவாது.' கார்டைப் படம் பிடித்து மகன், மகள் யாராவது ஒருவரின் போனிலும் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த மழையில் கார்ட் நனைந்தாலும் அது இருக்கும். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் போகட்டும். குளிசை முடியும் மாதத்தில் இன்னொரு ஸ்கேன் எடுங்கள். மண்ணீரலில் பழைய தழும்பு தெரியும், அதைப் பார்த்து மருந்தை நீட்ட வேண்டாம். புதுக்கட்டி இருந்தாலோ சி.ஆர்.பி. ஏறினாலோ மட்டும் திரும்ப ஊசிக்குப் போங்கள்.